அடுப்படிப் பெரட்டில் என் பேர்

என் ரவிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முதுகு இந்த வாரம் எங்களோடு சண்டை போடவில்லை. மழைதான் விடாமல் பிடித்திருக்கிறது. நீ கட்டாருக்குப் புறப்பட இன்னும் சில நாள்தான் இருக்கிறது. இந்த நேரம் பார்த்து ஒரு வழக்கைத் தூக்கி என் தலையில் போட்டுவிட்டாய். படுக்கை மடிப்பது, சாப்பிட்ட கோப்பை கழுவுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேலை பிரித்து, யார் எதைச் செய்தார்கள் என்று தினமும் அடையாளம் போட வேண்டும். அதைக் கம்பியூட்டரில் போட்டால் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய் நீ. தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினால்தான் பிள்ளைகள் கண்ணில் படும் என்கிறாள் சாந்தி. "அம்மா, நீங்க சொன்னா அவ கேப்பா" என்று நீ சொல்லி முடிக்கவில்லை, அவள் போனைப் பறித்து, "அத்தை, நீங்க சொன்னாத்தான் இவரு கேப்பாரு" என்றாள். இரண்டு பேருமே கேட்கப் போவதில்லை என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

பிறகு நிரு போனை வாங்கினாள். அவள் கேட்டது உங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்திருக்காது. "அப்பாயி, அப்பா போட்ட லிஸ்ட்ல என் பேரு இருக்கு, தம்பி பேரு இருக்கு, அம்மா பேரு இருக்கு. அப்பா பேரு மட்டும் இல்ல. கட்டாருக்குப் போயிட்டா அப்பா நம்ம வீட்டு ஆளு இல்லையா?" என்றாள். ஏதோ சொல்லிச் சமாளித்துப் போனை வைத்தேன். ஏழு வயதுப் பிள்ளை அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு உன்னை வழியனுப்பப் போகிறாள் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ புறப்படும் முன்னே இதை இரண்டு தரமாவது படித்துவிடு.

தாள்தான் ஒசத்தி, அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் பாட்டுப் பாடப் போவதில்லை. வருஷப் பிறப்புக்கு நாங்கள் கொழும்புக்கு வந்தபோது நீ அந்தக் கம்பியூட்டரைத் திறந்து காட்டினாயே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. அதில் இருந்த வேலைக் கட்டம் ஒன்றில் நிரு ஏதோ செய்தாள், அது பச்சையாகிவிட்டது. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இத கட்டார்ல இருந்தும் பாக்கலாமா?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றாய். "எப்ப, மறுநாளா?" என்றார். "இப்பவேப்பா, புள்ள போட்ட ஒடனே" என்றாய். "அடேயப்பா! அப்ப அந்த ஊரு கணக்கப்பிள்ளைக்கு லீவே கெடையாதே!" என்றார். நான் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கு அதிசயம் தாங்கவில்லை. கடல் தாண்டி இருக்கிற தகப்பனுக்குப் பிள்ளை கோப்பை கழுவியது அந்த நிமிஷமே தெரியும் என்றால் அது என்ன லேசுப்பட்ட காரியமா? கடல் தாண்டி இருந்து, மாதக் கணக்கில் ஒரு தாளுக்காகக் காத்திருந்தவள் சொல்கிறேன்.

சாந்தி கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். இந்தக் கடிதத்தை அவளும் படிப்பாள், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். நம் தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் என்ன வேலை என்று பிரித்து அனுப்புவார். அதுதான் பெரட்டு. சொன்ன அளவுக்குக் கொழுந்து பறித்தால் அன்றைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். 'இன்றைக்கு வேலை செய்தேன்' என்று நாங்கள் சொல்வதில்லை, 'பேர் விழுந்தது' என்றுதான் சொல்வோம். தொடர்ந்து வேலைக்கு வராத ஆளின் பேரைச் செக்ரோல் என்கிற பேர்ப் பதிவில் இருந்து வெட்டிவிடுவார்கள். அப்படித்தான் நம் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராக்காரர்களுக்கும் நடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது பேர் வெட்டியாகிவிட்டது, காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது. வாசல் இஸ்தோப்பில் கிடந்த சட்டி பானையைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு அவர்கள் இறக்கத்தில் நடந்து போனதை லயமே நின்று பார்த்தது. நீயும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாய்.

நான் சவுதிக்குப் போனது அதற்கு அடுத்த வருஷம். உனக்குப் பதினொன்று, செல்விக்கு ஏழு. மலையில் வழுக்கி விழுந்த அப்பா டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்திருந்தார். பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தேயிலை ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற சின்ன வேலைதான் கிடைத்தது. உங்கள் இருவரின் படிப்பும் நிற்காமல் இருக்க வேண்டும் என்றால் யாராவது ஒருவர் போகத்தான் வேண்டும். போனேன். போகிற அன்று உன்னிடம் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். "தங்கச்சியப் பாத்துக்க, அப்பாவுக்கு ஒத்தாசையா இரு, நல்லாப் படி" என்றேன். எல்லா அம்மாவும் சொல்வதுதான். நான் போன கொஞ்ச நாளில் தோட்டத்தில் என் பேரை வெட்டினார்கள். அது முறைதான் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட அதட்டி விரட்டாத மனுஷன். பெண்டாட்டி இல்லாத வீட்டையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத் திண்டாடியிருக்கிறார். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டார். ஹட்டன் கடைக்காரர் கொடுத்த கலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கோடு போட்டு, இடது பக்கம் ஆட்களின் பேரும் மேலே திகதியும் எழுதி அடுப்படிச் சுவரில் குத்திவைத்தார். காலையில் அங்கேயே பெரட்டு! "ரவி!" என்பாராம். "வந்திருக்கேன் ஐயா!" என்பாயாம். "பீலில தண்ணி புடி, பொறவு வெளக்குச் சிம்னி தொடை. செல்வி!" "வந்திருக்கேங்கய்யா!" "கம்பளி மடி, கோழியத் தொறந்துவிடு." பொழுது சாய்ந்ததும் செய்த வேலைக்குத் தக்கபடி பேரோ அரைப்பேரோ விழும். சோற்றைக் கரியாக்கிய அன்று அப்பா தனக்கே அரைப்பேர் போட்டுக்கொண்டார் என்று செல்வி கோணல் எழுத்தில் எனக்கு எழுதியிருந்தாள். மாதம் முடிந்ததும் அந்தத் தாளை மடித்து, கொட்டகலைத் தபால் கந்தோரில் போட்டு எனக்கு அனுப்புவீர்கள்.

முதல் தாளை, சவுதியில் நான் வேலை செய்த வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுதான் பிரித்தேன். பக்கத்து வீட்டில் வேலை செய்த குருநாகல் குசுமாவும் அதே நேரத்துக்குத் தன் மாடிக்கு வருவாள். அவளோடு சிங்களத்தில் நாலு வார்த்தை பேசினால்தான் எனக்கு அன்றைய பொழுது போகும். "மே மொகத, நங்கி?" என்று மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இது என்ன தங்கச்சி என்று கேட்டாள். எனக்கும் சட்டென்று விளங்கவில்லை. முதல் வரியில் என் பேர் இருந்தது, உன் கையெழுத்தில். அதற்கு நேரே ஒரு கட்டம் விடாமல் முழுப்பேர். அப்பாவுக்கு அரைப்பேர் இருந்தது. செல்விக்கும் இருந்தது. உனக்கோ பேரே விழாத நாள்கள் அங்கங்கே இருந்தன. எனக்கு மட்டும் ஒரு நாளும் குறையவில்லை. விஷயத்தைச் சொன்னதும் குசுமா விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கேயும் நீதான் வேலை செய்கிறாய், அங்கேயும் நீதான் வேலை செய்கிறாயா என்று கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிள்ளைகள் என்னை மறந்துவிடாமல் இருக்க அப்பா செய்கிற விளையாட்டு என்றே நினைத்துக்கொண்டேன். அன்று மாலையே உனக்கு ஒரு கடிதமும் எழுதினேன். "அப்பா முடியாம இருக்காரு. நீ பேரு விழாம ஊர் சுத்துறியா? வந்தா தோலை உரிச்சிருவேன்" என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை நீ வைத்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

தாளுக்கு ஒரு நல்லது இருந்தது, ஒரு கெட்டதும் இருந்தது. நல்லது, அதில் நம் அடுப்புப் புகை வாசம் வரும். செல்வி தன் கட்டத்துக்குள் கோழி வரைந்திருப்பாள். தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு படுப்பேன். கெட்டது என்னவென்றால், ஒரு மாதத் தாளில் செல்விக்கு நேரே ஒரு வாரம் முழுக்கக் கட்டம் காலியாக இருந்தது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று அந்த வீட்டுக் குசினியில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவளுக்கு அம்மை போட்டு, ஆறி, தலைக்குத் தண்ணீரும் ஊற்றி, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் நான் அழவே தொடங்கியிருக்கிறேன். உன் கம்பியூட்டர் அன்றைக்கு இருந்திருந்தால் மாலையே தெரிந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பெட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருஷம் முடிந்து வந்தேன். வந்த அன்று லயமே நம் காம்பராவில்தான் இருந்தது. மறுநாள் விடியும்போது மிளாறு விறகு முறிக்கிற சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். அடுப்படியில் நீ குந்தியிருந்தாய். நான் போகும்போது என் தோளுக்குக் கீழே நின்ற பிள்ளை, இப்போது கைகால் நீண்டு வேறு ஆளாக இருந்தாய். அடுப்பு பிடித்து எரிந்தது. தேத்தண்ணிக்கு உலை கொதித்தது. ரொட்டிக்கு மா பிசைந்து மூடி வைத்திருந்தாய். பொம்பிளைப் பிள்ளை செய்கிற வேலை என்று இந்த ஊரில் ஆம்பிளைப் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்காத வேலைகள். "விடுப்பா, அதான் அம்மா வந்துட்டேன்ல" என்று ஊதுகுழலைப் பிடித்தேன். நீ விடவில்லை.

"இன்னைக்குப் பேரு விழுந்துருச்சும்மா. நாளையில இருந்து நீங்க செய்ங்க."

"யாருக்குடா பேரு?"

"ஒங்களுக்குத்தான். இனி வெட்ட மாட்டாங்க" என்றாய். ஏதோ கடையில் சாமான் வாங்கி வந்து மிச்சத்தைக் கொடுப்பது போல ஊதுகுழலை என் கையில் கொடுத்தாய். குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்விட்டாய்.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "என்னங்க சொல்லிட்டுப் போறான்?" என்றேன். அப்போதுதான் சொன்னார். "மொதத் தாள்ல நான் மூணு பேரத்தான் எழுதினேன் புள்ள. இவன் வந்து பாத்துட்டு, 'அம்மா பேர வெட்டிட்டீங்களா'ன்னு கேட்டான். அம்மாதான் இங்க இல்லையேடான்னேன். பென்சில வாங்கி மேல ஒம்பேர எழுதிட்டான். நான் வெளையாட்டுக்கு, 'பேரு இருந்தா வேல நடக்கணும்டா, வேலைக்கு வராத பேர வெட்டாம வச்சிருப்பாங்களா'ன்னு சொல்லித் தொலைச்சிட்டேன். மறுநாள் நான் எந்திரிக்கிறேன், அடுப்பு எரியுது. 'அம்மாவுக்குப் பேரு போடுங்கப்பா'ன்னு நிக்கிறான்."

"வெளையாட்டுன்னு அப்பறமாச்சும் சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"சொல்லாம இருப்பனா? எத்தன வாட்டி சொன்னேன்! 'சரிப்பா'ம்பான். மறுநாளும் எந்திரிச்சிருவான். கடைசிக் காம்பராக்காரங்ககிட்டயும் வெட்ட மாட்டோம்னுதான் சொன்னாங்களாம். அவனுக்கு யாரு சொன்னாங்களோ தெரியல. ஒன் வேலைய முடிச்சிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவான், அதனால அவன் வேல சில நாள் நின்னுரும். சரி போ, ஒனக்கும் பேரு போடுறேன்டான்னா, 'நான் செய்யலையே, எனக்கு வேணாம்'பான்."

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன் ரவி. உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாரியம்மன் சந்நிதியில் சூடம் காட்டும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை. பனி கொட்டுகிற காலையில் கம்பளிக்குள் இருந்து கையை வெளியே எடுக்கவே பெரியவர்களுக்கு மனம் வராது. அந்த நேரத்தில் ஒரு சின்னப் பையன் எழுந்து, ஈர மிளாறை ஊதி ஊதிப் பிடிக்கவைத்து, அம்மாவை வீட்டுக்குள் இருத்தி வைத்திருக்கிறான். தான் வெறுங்கட்டமாக நின்றாலும் அம்மாவின் கட்டம் காலியாகக் கூடாது என்று பார்த்திருக்கிறான். அவனைத்தான் ஊர் சுற்றுகிறாயா என்று நான் கேட்டு எழுதினேன். உன்னைப் பெற்றது நான்தான், பால் கொடுத்ததும் நான்தான். ஆனால் இவ்வளவு பெரிய மனதை நான் எங்கே கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நீ பெரிய வேலைக்குப் போனபோதும், கொழும்பில் வீடு எடுத்தபோதும் ஊரே உன்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டது. எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. நான் ஆச்சரியப்படுவதை அந்த அடுப்படியிலேயே பட்டு முடித்துவிட்டேன்.

ஆனால் அதிசயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பயமும் எனக்கு வந்தது, இன்றுவரை போகவில்லை. பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்கிற சட்டத்தைப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். நாம் கோடு போட்டு, கட்டம் போட்டு, செய்தால் பேர், செய்யாவிட்டால் இல்லை என்று வைக்கிறோம். படுக்கை மடிக்கப் பழக்குகிறோம் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த வீட்டில் இருக்கிறதுக்கே வேலை செய்தாக வேண்டும் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான், அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். உன் கம்பியூட்டர் மட்டும் வேறு கணக்கா போடப் போகிறது?

சரி, வழக்குக்கு வருகிறேன். கம்பியூட்டரிலேயே போடு. சாந்தியை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே நீ தெரிந்துகொள்ள வேண்டும், என்னை மாதிரி மாதம் கழித்து அழக் கூடாது. கட்டம் காலியாக இருந்தால் ஏன் என்று கேள், அங்கிருந்துகொண்டு திட்டாதே. காலிக் கட்டத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. உன் பேரை முதல் வரியில் போடு. அதற்கு நேரே எந்த வேலையும் எழுதாதே, எந்த அடையாளமும் போடாதே, சும்மா இருக்கட்டும்.

அது மட்டும் போதாது. நிருவிடம் நீ சொல்ல வேண்டும். சாந்தியைச் சொல்லச் சொல்லாதே. வீட்டில் இருக்கிறவர்கள் எத்தனை தரம் சொன்னாலும் பிள்ளைக்கு நம்பிக்கை வராது, அப்பா படாத பாடு பட்டுச் சொல்லியும் நீ நம்பினாயா? போகிறவர்தான் சொல்ல வேண்டும். வேன் வந்து வாசலில் நிற்கும்போது அவசரத்தில் சொல்லாமல், அதற்கு முன்னாலேயே ஒரு நாள் அவளை மடியில் உட்காரவைத்துச் சொல். அப்பா எங்கே போனாலும் இந்த வீட்டு ஆள்தான், நீ வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அப்பா திரும்பி வருவேன் என்று சொல். அவள் தலையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். ஓடட்டும், பிடித்துவைத்து இன்னொரு தரம் சொல்.

நான் போகும்போது உனக்கு அதைச் சொல்லவில்லை. படி, பார்த்துக்கொள், ஒத்தாசையாக இரு என்று வேலைகளாகவே சொல்லிவிட்டுப் போனேன். இத்தனை வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ அந்த அடுப்பை ஒரு நாள்கூடப் பற்றவைக்காமல், விடிந்து வெயில் ஏறும் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருந்தாலும் நான் உன்னிடம்தான் திரும்பி வந்திருப்பேன், ராசா.

உன்னைப் பெற்ற
அம்மா